யூரிட்டர் எங்கே?

ஜூன் 9, திங்கள்

ஓ.பி.யில் இன்று வெளியூரிலிருந்து ஒரு பெண். வேறோர் இடத்தில் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள். பத்து நாள் நன்றாக இருந்தவருக்கு அதன்பின் சிறுநீர் நிற்காமல் கசிகிறது. "பஸ்ல ஒருத்தர் பக்கத்துல உக்கார முடியலைங்க" என்றார். இடது யூரிட்டரில் ஓட்டை. யூராலஜியில் சேர்த்தாயிற்று. சூட்டால் வெட்டும் காட்டரி பட்டால் அன்றைக்கே ஓட்டை விழாது. திசு செத்து உதிர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுகிறார்கள்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இந்தக் குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ.; அகலம் சில மி.மீ.தான். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடியில் நுழைந்து, கர்ப்பப்பை வாய்க்கு ஏறத்தாழ 2 செ.மீ. பக்கத்தில் போகிறது. 'பாலத்துக்கு அடியில் தண்ணீர்' என்று மாணவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்வதுதான். கர்ப்பப்பையை எடுக்க நாங்கள் வெட்ட வேண்டியதே அந்தப் பாலத்தைத்தான்.

ஜூன் 11, புதன்

வெள்ளிக்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன் கேஸ் பற்றி யூராலஜி சாரிடம் பேசினேன். 43 வயது, இரண்டு சிசேரியன், முற்றிய எண்டோமெட்ரியோசிஸ். எம்.ஆர்.ஐ.யில் இடது யூரிட்டரைத் தழும்பு சுற்றிப் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தில் லேசான வீக்கம். யூரிட்டர் ஒளிர்ந்து தெரிய ஐசிஜி சாயம் போடலாமா என்று கேட்டேன். "ஸ்டென்ட் வெச்சாலே போதாதா மேடம்?" என்றார். வயிற்றைத் திறந்து செய்தால் ஸ்டென்ட் போதும், தடவினாலே விரலில் தட்டுப்படும். லேப்ராஸ்கோப்பியில் விரலுக்கு வேலை ஏது? ஒப்புக்கொண்டார்.

ஐசிஜி என்கிற இண்டோசயனின் கிரீன் 1950-களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1959-இல் அமெரிக்காவில் மருத்துவத்துக்கு அனுமதி கிடைத்தது. இதயம், ஈரல், விழித்திரை என்று பார்த்துப் பழகிய பழைய சாயம்தான். ஊசியில் ஏற்றினால் ஈரல் அதைப் பிடித்துப் பித்தநீரில் தள்ளிவிடும், சிறுநீருக்கு வராது. ஆகவே கீழிருந்து, சிஸ்டோஸ்கோப் வழியாக யூரிட்டருக்குள்ளேயே விட வேண்டும். மெத்திலீன் நீலம் ரத்தத்தில் ஏற்றினாலும் சிறுநீரில் வந்து ஒளிரும். ஆனால் இவர் மனச்சோர்வுக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறார். அவற்றோடு அது சேரக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

சம்மதக் கையெழுத்து வாங்கும் நேரம். மாமியார் பல்லடத்துக்காரர், விடவில்லை: "ஏனுங்க டாக்டரம்மா, பச்சை மருந்து ஊத்துனா ஒடம்பெல்லாம் பச்சையாப் போயிராதுங்களா?" போகாது என்றேன். சாயத்தில் அயோடைடு உண்டு என்பதால் அயோடின் அலர்ஜியைப் பற்றி இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். யூரிட்டருக்குள் விடுவது புட்டி லேபிளில் இல்லாத உபயோகம் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

25 மி.கி. பொடியை 10 மி.லி. ஊசி நீரில் கரைத்துத் தந்தார் சிஸ்டர். கரும்பச்சை. சார் இரு பக்கமும் கதீட்டர் ஏற்றிப் பக்கத்துக்கு 5 மி.லி. விட்டார். சாயம் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதால் ஆபரேஷன் முடியும்வரை நிற்கும்.

வெள்ளை வெளிச்சத்தில் வலது யூரிட்டர் தானாகவே நெளிந்து காட்டிக்கொடுத்தது. இடது பக்கம் வெறும் தழும்பு. கேமரா பட்டனை அழுத்தினேன். சாயம் உமிழ்வது 830 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. திரையில் வரும் பச்சை கேமரா பூசுவது. வலது பக்கம் பளிச்சென்று ஒரே கோடு. இடது பக்கமோ இடுப்பெலும்பு விளிம்பு வரை வந்து, தழும்புக்குள் நுழைந்ததும் மங்கிவிட்டது. ஒரு சென்டிமீட்டர் திசு குறுக்கே இருந்தாலே இந்த ஒளி தடுமாறும். எங்கே தேவையோ அங்கேதான் மங்குகிறது!

ஆனாலும் அந்த மங்கலே ஒன்றைச் சொன்னது. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கர்ப்பப்பைப் பக்கமாக உள்ளே இழுபட்டிருந்தது. மேலிருந்து கத்தரியால் கொஞ்சம் பிரிப்பது, பட்டனை அழுத்திப் பார்ப்பது, மறுபடி பிரிப்பது. இடுப்புக்குள் யூரிட்டருக்கு ரத்தம் வெளிப்பக்கத்திலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தை முடிந்தவரை தொடவில்லை. காட்டரியைக் கிட்டேயே கொண்டுபோகவில்லை. ஓட்டை விழுந்திருந்தால் பச்சை வெளியே கசிந்திருக்கும், கசியவில்லை. இடது பக்கம் ஸ்டென்ட் வைத்து முடித்தோம்.

ஜூன் 14, சனி

ரவுண்ட்ஸில் பி.ஜி. பெண் கேட்டாள்: "மேடம், இது வந்துட்டா அனாட்டமி கொஞ்சம் கம்மியாப் படிக்கலாமா?" குறும்புக்காரி. குழாய் எங்கே என்று சாயம் சொல்லும். அதன் சுவருக்கு ரத்தம் ஓடுகிறதா என்று சொல்லாது. அதைப் பார்க்க இதே ஐசிஜியை ஊசியில் ஏற்றலாம்; உள்ளே ஏற்கெனவே நிரப்பியிருந்தால் அந்த ஒளியில் இது தெரியாது. எது வேண்டுமென்று முன்பே முடிவு செய்ய வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் எப்படி வருகிறது என்று 1920-களில் எழுதிய ஜான் சாம்ப்சன், அதற்கு முன் யூரிட்டரின் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தவர் என்று அவளிடம் சொன்னேன். படிக்கட்டும்.

எல்லாக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கும் இது வேண்டியதில்லை. கதீட்டர் செலவு, யூராலஜிஸ்ட் நேரம், இரண்டு நாள் சிறுநீரில் ரத்தம், எல்லாம் உண்டு. எண்டோமெட்ரியோசிஸ், பெரிய கட்டி, முந்தைய ஆபரேஷன் ஒட்டல்கள், புற்றுநோய்: இவற்றுக்கு நான் கேட்டு வாங்குவேன்.

ஜூன் 27, வெள்ளி

ரிவ்யூவுக்கு வந்தார். ஸ்கேனில் இடது சிறுநீரக வீக்கம் குறைந்திருக்கிறது. ஸ்டென்டை ஆறு வாரம் கழித்து எடுப்பார்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: கர்ப்பப்பை எடுத்த முதல் சில வாரங்களில் விலாவில் வலி, குளிர்காய்ச்சல், வயிறு உப்பல், அடங்காத நீர்க்கசிவு, இவற்றில் எது வந்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே வந்து காட்டுங்கள்.