தெருவில் நடந்த ஆலோசகர்

ஒரு சிறு நகரம் வெளியிலிருந்து திட்ட ஆலோசகரை அழைக்கும்போது எதை விலைக்கு வாங்குகிறது? பெரும்பாலும் ஒரு வண்ண வரைபடம், தடித்த அட்டை போட்ட அறிக்கை, மேலிடத்தில் நிதி கேட்கத் தேவையான சில அட்டவணைகள். ஆலோசகர் சில நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புவார். அறிக்கை பீரோவுக்குள் போய்விடும்.

இந்தூருக்கு வந்த ஆலோசகர் வேறு ரகம். பாட்ரிக் கெட்டஸ் ஸ்காட்லாந்துக்காரர், படித்தது உயிரியல். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து, 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியை ஏற்றி வந்த கப்பலைக் கடலில் மூழ்கடித்தது எம்டன். சில வாரங்களுக்கு முன்புதான் சென்னையில் குண்டு போட்டுவிட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட அதே எம்டன்! நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய படங்களோடு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது. பிறகு தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராக நடந்தார் கெட்டஸ்.

ஹோல்கர் சமஸ்தானத்தின் தலைநகரான இந்தூரில் அப்போது ஒரு லட்சம் பேர்கூட இல்லை. பிளேக் அடிக்கடி வந்துபோயிற்று. அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: நெரிசலான பகுதியின் நடுவே அகலமாக ஒரு நேர்ச்சாலை. கெட்டஸ் கேட்டார்: இடிபட்ட வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துச் சந்துக்கு. அப்படியானால் நெரிசல் தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அவர் சந்து சந்தாக நடந்து, ஏற்கனவே பாழடைந்த வீடுகளைக் குறித்துக்கொண்டார். அவற்றை மட்டும் அகற்றி, அந்த இடங்களை இணைத்தால் சிறு திடல் கிடைக்கும், மரம் வைக்கலாம், காற்று வரும். நோயாளியைக் கொல்லாத அறுவை சிகிச்சை அது.

சுத்தத்தை ஒரு திருவிழாவாகவே ஆக்கினார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் நன்றாகச் சுத்தம் செய்து வீடுகளைச் செப்பனிடுகிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவிப்பு. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்களும் மரியாதையோடு நடந்தார்கள்.

1918இல் அவருடைய அறிக்கை இரண்டு பாகங்களாக வெளிவந்தது. கழிவைக் குழாயில் தள்ளி ஆற்றில் விடும் திட்டத்துக்கு அவர் ஆதரவு தரவில்லை. கழிவு தோட்டத்துக்குப் போகட்டும், ஆற்றங்கரை பூங்காவாகட்டும் என்றார். நகரம் அதைக் கேட்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 20 லட்சம் பேர். 2017இல் நாட்டின் மிகச் சுத்தமான நகரம் என்ற பட்டம் வந்தது, தொடர்ந்து பல ஆண்டுகள் நிலைத்தது. ஆனால் நகரின் நடுவே ஓடும் கான் ஆறு பல பத்தாண்டுகள் சாக்கடையாகவே ஓடியது. 2016 கும்பமேளாவுக்காக, உஜ்ஜயினியில் பக்தர்கள் நீராடும் க்ஷிப்ராவில் அந்தத் தண்ணீர் கலக்காதபடி குழாய் போட்டுத் திருப்ப வேண்டியிருந்தது.

கெட்டஸை அழைத்தது தர்பார். அரசர் சொன்னால் போதும். வார்டு உறுப்பினரின் ஒப்புதல் தேவையில்லை. அதுவே அவருடைய பலம், பலவீனமும் அதுவே. அவர் போனபின் அறிக்கைக்காக வாதாட உள்ளூரில் பொறுப்பான ஆள் வேண்டுமே!

இந்தக் குறை இன்றும் தீரவில்லை. 74வது அரசியல் சட்டத் திருத்தம் நகரத் திட்டமிடலை உள்ளாட்சியின் பட்டியலில் முதல் இனமாக வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கைப்படி, நாட்டின் 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே கிடையாது. மாநிலங்களின் திட்டத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட பதவிகள் 4,000கூட இல்லை. அவற்றிலும் 42 சதவீதம் காலி. பிறகு ஆலோசகரை அழைக்காமல் நகராட்சி என்ன செய்யும்?

அழைக்கட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் சேர்த்துக்கொள்ளட்டும். ஆலோசகர் ஒவ்வொரு வார்டிலும் நடக்க வேண்டும். வரைவு, ஊர்க்காரர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். நகராட்சி ஊழியர் ஒருவர் முதல் நாளிலிருந்து கூடவே இருந்து வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர் ஒருநாள் ரயிலேறிவிடுவார். அதன்பின் கட்டட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவையும் திட்டத்தோடு ஒப்பிட்டு, 'முடியாது' என்று சொல்லவேண்டியவர் அந்த ஊழியர்தான்.