சீனன்குடாத் தாங்கிகளும் வாடகை வழங்கிகளும்

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைக் காணும்போதெல்லாம் எனக்குச் செய்தித்தளங்களின் நினைவே வருகின்றது. கடற்படையின் போர்க்காலத் தேவைக்கென எழுந்தவை அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். போர் முடிந்தது, பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் வெறுமையாய்க் காடு மண்டிக் கிடந்தன.

சேர்வர் எனப்படும் வழங்கியைச் சொந்தமாக வாங்கும் சிறு பத்திரிகையின் நிலையும் இதுதான். வழமையான நாளில் சில நூறு வாசகர். 2004 ஆழிப்பேரலை போன்றதொரு நாளிலோ, ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் உறவுகள் அனைவரும் ஒரே நேரத்தில் ஊர்ச் செய்தி தேடி வருவர். அந்த நெரிசலுக்கு ஏற்ப வாங்கினால் ஆண்டு முழுவதும் பணம் முடங்கும். வாங்காவிடின், வேண்டிய அன்றே தளம் படுத்துவிடும்.

2006 ஓகத்தில் அமேசான் மெய்நிகர் வழங்கிகளை மணிக்கு 10 அமெரிக்கச் சதத்துக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. நெரிசலுக்குப் பத்து எடுக்கலாம். தணிந்ததும் ஒன்பதைத் திருப்பிவிடலாம். எடுத்த நேரத்துக்கே கட்டணம். அதை டொலரில் அல்லவா கட்டவேண்டும்! 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டபோது, வாசகர் கூடாமலே வாடகை கூடியது.

இருந்தும், என் கவலை கட்டணம் பற்றியதன்று. 2023இல் இலங்கை அரசின் மேகக் கணிமையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகத்து 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அக்காலத்துக்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பத்திரிகைகளுக்கும் இது நேரலாம். வழங்கியை வாடகைக்கு எடுத்தாலும், பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது பெரும்பாலும் எடுத்தவரின் வேலையே. நாற்பது ஆண்டுச் செய்திகளையும் படங்களையும் வன்தட்டுகள் இரண்டில் பதித்து வைத்திருக்கின்றேன். ஒன்று என் அலுமாரியில். மற்றது, இந்த உப்புக்காற்றுக்கு எட்டாத கண்டியில், நண்பர் வீட்டில்.