விடுமுறையின் கடைசி ஞாயிறு

வெள்ளிக்கிழமை காலை வரையிலான 24 மணி நேரத்தில் டில்லி சப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை பொழிந்து, கோடையின் உஷ்ணத்தையெல்லாம் கழுவிச் சென்றபின் வந்த 2024 ஜூன் 30 அன்று, மறுநாள் பள்ளி திறக்கிறது என்ற பிரக்ஞையே இன்றி லோதி தோட்டத்துக் கல்லறை மண்டபங்களைச் சுற்றி ஓடிக் களைத்த குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, நானும் மனைவியும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம்.

நேதாஜியின் சேனைப் பெயரைத் தாங்கிய அவ்விடத்தின் குறுகிய சந்துகளில், மீன் வாடையைக் கடந்து கறிவேப்பிலையின் வாசனை நாசியை எட்டிய க்ஷணத்தில், தலைநகர வாழ்வின் பிரயாசைகள் யாவும் அகன்று, ஊர்ச் சந்தையிலேயே நிற்பதாக ஒரு பிரமை உண்டாயிற்று. முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, வாழைப்பூ, துருவிய தேங்காய்!

கடைக்காரர் வடநாட்டவர், ஆயினும் “வாங்கம்மா” என்று அவர் வாஞ்சையோடு அழைத்தபோது, டில்லியிலேயே பிறந்து ஹிந்தியிலேயே விளையாடும் என் மகள், சற்றும் சங்கோசமின்றி, “அண்ணா, வாழைப்பூ என்ன விலை?” என்று தமிழிலேயே கேட்டாள். அந்த விடுமுறை எனக்களித்த பெரும் சம்பத்து அதுவே.

வாழையிலைக் கட்டை மகன் தோளில் சுமந்து வந்தான். மத்தியானம் நால்வரும் தரையில் அமர்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டோம்.