வேலைநாள் வெள்ளை

திருவனந்தபுரம் ஸ்டாச்யூ சந்திப்பில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே, காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் வருகிறவர், மனுவோடு வரிசையில் நிற்கிறவர், டீக்கடையில் பேப்பர் பிரித்திருப்பவர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேட்டி தென்படும். எல்லோரும் கட்டியிருக்கவில்லை, இளைஞர்கள் ஜீன்ஸில்தான் போகிறார்கள். கழக்கூட்டம் டெக்னோபார்க் வாசலில் நின்றால் சென்னை ஓ.எம்.ஆர். ஞாபகம்தான் வரும். அதே டி-ஷர்ட், கழுத்தில் அதே அடையாள அட்டை. ஆனாலும் நகரத்தின் மையத்தில், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், வேட்டியோடு அலுவலகம் போகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்னையில் திரும்பிப் பார்ப்பார்கள். "உங்க ஊர்ல அது கல்யாண உடுப்பு, இல்லன்னா கட்சி உடுப்பு" என்றார் செயலகத்தில் வேலை பார்க்கும் நண்பர். மறுக்க முடியவில்லை. கரையைப் பார்த்தே கட்சியைச் சொல்லிவிடும் ஊர் எங்களுடையது. 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதன்பிறகு அதற்கென்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2019-இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதியில் ஆண்களுக்கு வேட்டியும் இடம்பெற்றது. ஆணை இருக்கிறது. கட்டி வருகிறவரைத்தான் தேட வேண்டும்.

"அப்போ இங்க நெசவாளிக்குக் கொண்டாட்டம்தானே?" என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லவில்லை. பாலராமபுரத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

பாலராமபுரம், நகரத்திலிருந்து நெய்யாற்றின்கரை போகும் சாலையில் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயர் கொண்ட ஊர். அவர் காலத்தில் திவான் உம்மிணித் தம்பி, அரண்மனைக்கு நெய்வதற்காகத் தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களைக் குடியேற்றினார். வள்ளியூர்ப் பக்கம் என்று ஊரில் சொல்கிறார்கள். சாலியர் தெருக்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. நான் பார்க்கப் போன பெரியவர் பேசியது தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத பேச்சு. நாகர்கோவிலில் வளர்ந்த எனக்கு அது வீட்டுப் பேச்சுபோல இருந்தது. நான் அவரை அண்ணாச்சி என்றேன். அவர் என்னைச் "சாரே" என்றார்.

பொழுது விடியும் முன்பே வரச் சொல்லியிருந்தார். வெயில் ஏறினால் பாவு காய்ந்து இழை அறுந்துவிடுமாம். தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். அரிசிக் கஞ்சியில் தேங்காயெண்ணெய் சேர்த்துப் பூசி, நீளமான பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போனார்கள். திசை மாறினால் இழையில் பிசிறு எழும்பும். இழை பிணைப்பதையும் விழுதில் கோப்பதையும் பொறுமையாக விளக்கினார். அதற்குள் என் கண் தறிக்குழிக்குப் போய்விட்டது.

குழியில் இறங்கி உட்கார்ந்து அவர் எடுத்தது ஒரு மர நாடா. முனை தேய்ந்து, கைபட்டுக் கருத்திருந்தது. அப்பா காலத்தது. மற்ற ஊர்க் கைத்தறிகளில் பெரும்பாலும் கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும். இங்கே கையால்தான் எறிய வேண்டும். மிதியை அழுத்தினால் பாவு வாய் திறக்கிறது. வலக்கை எறிய, இடக்கை பிடிக்க, அச்சு ஒருமுறை அடிக்கிறது. பிறகு இடமிருந்து வலம். வேட்டியின் அகலம் என்பது அவருடைய இரண்டு கைகளும் எட்டும் தூரம். அடியின் பதத்தை ஒவ்வோர் இழைக்கும் கை தீர்மானிக்கிறது.

"கயிறு கெட்டினா வேகம் கூடுமே அண்ணாச்சி?"

"கூடும். நூறாம் நம்பர் நூலு அந்த வேகத்தத் தாங்கணும் பாருங்க."

துணியைப் புரட்டிக் காட்டினார். எது உள்புறம், எது வெளிப்புறம் என்று தெரியவில்லை. பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தது இந்த வேலைதான். ஒரு இரட்டை வேட்டிக்கு இரண்டு நாளாவது பிடிக்கும். ஜரிகைக் கரை அகலமானால் இன்னும் கூடும். அந்த இரண்டு நாளில் தார் சுற்றும் அவர் மனைவியின் உழைப்பும் உண்டு. அதற்குத் தனிக் கூலி கிடையாது.

தறியிலிருக்கும் வேட்டியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தார்.

"இது என் துணி இல்ல சாரே. நூலும் ஜரிகையும் முதலாளி தந்தது. எனக்குள்ளது கூலி மட்டும்."

முதலாளியிடம் முன்பணமும் வாங்கியிருந்தார். முன்பணம் அடையும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. அடைவதற்குள் ஒரு மருத்துவச் செலவோ கல்யாணமோ வந்துவிடும். பிறகு நகரத்தில் சாலைக் கடைத்தெருவில் விசாரித்தேன். அதே ரக வேட்டியின் விலை அவர் கூலியைப்போலப் பல மடங்கு. பக்கத்திலேயே பாதிக்கும் குறைந்த விலையில் விசைத்தறி வேட்டி, பார்வைக்கு அதே கசவுக் கரையோடு. ஈரோட்டுச் சரக்கு. செவ்வாய்க்கிழமை செயலகத்துக்குப் போவது இதுதான். அசல், ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும். கைத்தறிக்கென்று சில துணி ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் வேட்டியும் இருக்கிறது. சட்டத்தைப் படித்தவர்கள் யாரும் அந்தக் கடைப் பக்கம் வருவதில்லை போலிருக்கிறது.

கேரளத்தில் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 2022-23-இல் எண்ணூறு ரூபாயைத் தாண்டியதாக ரிசர்வ் வங்கிக் கணக்கு சொல்கிறது. நாட்டின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரியவரின் மகன் டைல்ஸ் ஒட்டப் போகிறார். அவரை யார் குறை சொல்ல முடியும்?

உடை இந்த ஊரில் என்றுமே வெறும் உடையாக இருந்ததில்லை. அரண்மனைக்கு இங்கே மெல்லிய துணி நெய்துகொண்டிருந்த காலத்தில்தான், இதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டார்கள். 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணைகூட முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்றுதான் சொன்னது. நல்ல துணி யாருக்கு, முரட்டுத் துணி யாருக்கு என்று அன்று அரசன் பிரித்தான். இன்று விலை பிரிக்கிறது. நெய்கிறவர் இடுப்பில் சாயம் போன கைலிதான்.

சென்னை வேட்டியை விசேஷத்துக்கு அனுப்பிவிட்டது. திருவனந்தபுரம் வேலைநாளில் வைத்துக்கொண்டது, ஆனால் நெய்தவரை விட்டுவிட்டது. நெசவாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்டு முழுக்கத் தறி ஓட, ஆண்டு முழுக்க உடுத்துகிறவர் வேண்டும். அப்படி ஒருவரைக் கேரள அரசு கண்டுபிடித்தது: பள்ளிக்கூடத்துப் பிள்ளை. 2017-இல் தொடங்கிய இலவசக் கைத்தறிச் சீருடைத் திட்டத்தில் அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுப் பெண் நெய்கிறார். கரை இல்லை, ஜரிகை இல்லை, கை நாடாவும் வேண்டாம்.

"அதுல கலை ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் இளக்காரமாக.

அந்தப் பெண் தறியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "ஓணம் வருசத்துக்கு ஒருக்கா வரும் மாமா. பள்ளிக்கூடம் நாளைக்கும் உண்டு."