ஜமாபந்தி நாளில் எழுதிய வாக்குமூலம்

தென்மாவட்டங்களில் கண்ணால் கண்ட சாட்சி இல்லாத கொலை வழக்கு என்றால், கட்டைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது வி.ஏ.ஓ.வைத்தான். பெரும்பாலும் இருப்பார். சம்பவம் நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தானாகவே கிராம நிர்வாக அலுவலகத்துக்கு வந்து, செய்ததையெல்லாம் சொல்லி அழுதிருப்பார். வி.ஏ.ஓ. அதை எழுதிக் கைரேகை வாங்கி, தன் அறிக்கையையும் சேர்த்து, ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைத்திருப்பார். அரை மணி நேரத்தில் கைது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அரிவாள் கைப்பற்றல். பட்டா மாறுதலுக்கு நாலு தடவை நடந்தும் காரியம் ஆகாத ஊர்க்காரன், கொலை செய்துவிட்டு மனம்விட்டுப் பேச அந்த அலுவலகத்தைத்தான் தேடிப் போனான் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 26ஆவது பிரிவுப்படி, போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னால்தான் செல்லும். மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிக்கொண்டு போனால், அவர் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164இன்படி, "ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்" என்று எச்சரித்து, யோசிக்க நேரமும் கொடுத்துவிட்டுத்தான் எழுதுவார். அப்படி யோசிக்க விட்டால் எதிரி மாற்றிப் பேசிவிடலாம். வி.ஏ.ஓ. போலீசும் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வாக்குமூலங்கள் பிறக்கின்றன. புலன்விசாரணை தொடங்கிய பிறகு கிராம மாஜிஸ்திரேட்டுகள் எதிரியின் வாக்குமூலத்தை எழுதவே கூடாது என்று சென்னைக் குற்றவியல் நடைமுறை விதிகளில் 72ஆவது விதி தடுத்திருந்தது. 1980இல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்து வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். அந்தத் தடை இவர்களைக் கட்டாது என்று பின்னாளில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே, எழுதலாமா என்று கேட்டுப் பயனில்லை. எழுதியது உண்மையா என்றுதான் கேட்க முடியும். அதைக் கேட்பதுதான் எதிரி தரப்பு வக்கீலின் வேலை.

நான் சொல்ல வந்த வழக்கு தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது. சட்ட உதவி மையத்திலிருந்து வந்த கட்டு. ஆட்டு வியாபாரி ஒருவர் தன் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கத்தில் வெட்டுண்டு கிடந்தார். காலையில் அவருடைய மனைவி போய்ப் பார்த்துவிட்டு, "யாரோ வெட்டிவிட்டார்கள்" என்று புகார் கொடுத்தார். அந்தத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற ஒருவர்தான் என் கட்சிக்காரர். கூலிப் பாக்கி கேட்டு முந்தின வாரம் டீக்கடையில் சத்தம் போட்டிருந்தார். அதுதான் மோட்டிவ். ஞாயிறு இரவு கொலை. வியாழன் காலை பத்தரை மணிக்கு வி.ஏ.ஓ. முன் வாக்குமூலம். பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷன். மதியம் இரண்டு மணிக்குக் கிணற்றடிப் புதரிலிருந்து அரிவாள் எடுத்ததாக மகஜர். வாக்குமூலத்தை எழுதிய அதே வி.ஏ.ஓ.தான் மகஜருக்கும் சாட்சி. இன்னொரு சாட்சி அவருடைய தலையாரி.

பாளையங்கோட்டை மத்திய சிறையில் நேர்காணலின்போது கட்சிக்காரர் அதிகம் பேசவில்லை. "செவ்வாக்கிழம ராத்திரியே வீட்டுல வந்து தூக்கிட்டாங்கய்யா. அந்த வி.ஏ.ஓ. மூஞ்சிய ஸ்டேஷன்ல வச்சுதான் பாத்தேன்" என்றார். அவர் வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. யாரும் தந்தி கொடுக்கவில்லை, மனு போடவில்லை. ஜாமீன் கிடைத்தும் சொத்துக் காட்டிக் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் வழக்கு முடியும்வரை உள்ளேயே இருந்தார். அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேனா என்று கேட்டால், நம்புவதும் நம்பாததும் என் வேலை இல்லை. அவருக்கு எதிராக வைத்த ஒவ்வொரு காகிதமும் அதில் எழுதியிருக்கும் நேரத்தில், எழுதியிருக்கும் இடத்தில்தான் பிறந்ததா என்று பார்ப்பது என் வேலை.

இங்கிலாந்தில் பாரிஸ்டருக்கு சொலிசிட்டர் கட்டைத் தயாரித்துக் கொடுத்துவிடுவார். நம் ஊர் செசன்ஸ் வக்கீலுக்கு இரண்டு வேலையும் சேர்ந்தே வரும். தோட்டத்தைப் போய்ப் பார்ப்பது, பஸ் நேரம் விசாரிப்பது, தாலுகா அலுவலகத்தில் நகல் மனு போட்டுக் காத்திருப்பது எல்லாம் அவரும் அவருடைய குமாஸ்தாவும்தான். இந்த வழக்கு திரும்பியது அப்படியான ஓர் அலைச்சலில்தான்.

திருப்பியவர் என் குமாஸ்தா. குற்றப்பத்திரிகை நகலிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் தேதியைப் பார்த்து நிமிர்ந்தார். "சார், இது ஜூன் மொத வாரம். அன்னிக்கு அந்தப் பிர்காவுக்கு ஜமாபந்தில்லா? எங்க அண்ணன் பட்டாவுக்கு மனு குடுக்கப் போயிருந்தான். இந்த வி.ஏ.ஓ. எப்படி ஆபீசுல இருப்பாரு?"

கிராமத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஜமாபந்தியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பசலி ஆண்டு ஜூன் 30இல் முடியும். அதை ஒட்டி, தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். எந்தெந்தப் பிர்காவுக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாளில் அந்தப் பிர்காவின் வி.ஏ.ஓ.க்கள் அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஜமாபந்தி அலுவலர் முன் நிற்க வேண்டும். பொதுமக்களும் அன்றுதான் மனுவோடு குவிவார்கள். வருவாய்த்துறையில் வருடத்தில் எந்த நாள் லீவு போட்டாலும் அந்த நாளில் போட முடியாது.

நகல் மனு போட்டோம். நகல் கிடைக்கத் தாமதமானது. வந்தபோது, அந்த வியாழனன்று முற்பகல் வருகைப் பட்டியலில் அந்த வி.ஏ.ஓ.வின் கையெழுத்து இருந்தது. கணக்கு முடித்துப் பதிவேடுகளைத் திரும்பப் பெற்றதற்கும் மாலையில் கையெழுத்துப் போட்டிருந்தார். தாலுகா அலுவலகத்துக்கும் அந்தக் கிராமத்துக்கும் நடுவே இரண்டு பஸ் மாற வேண்டும். நானே போய்ப் பார்த்தேன்.

விசாரணையில் முதல் சாட்சி, இறந்தவரின் மனைவி. அவரிடம் நான் இரண்டே கேள்விதான் கேட்டேன்: புகாரில் யார் பெயரையும் சொல்லவில்லை, அப்போது யார் மேலும் சந்தேகமும் இல்லை. இரண்டுக்கும் "ஆமாம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத பெண். அவரைக் குறுக்கு விசாரணை என்ற பெயரில் வதைப்பது பாவம் மட்டுமல்ல, தேவையும் இல்லை.

வி.ஏ.ஓ. கூண்டேறியபோது முதல் விசாரணையை அரசு வழக்கறிஞர் நேர்த்தியாக நடத்தினார். எழுந்ததும் நான் வாக்குமூலத்தைத் தொடவே இல்லை. கணக்குகளைப் பற்றிக் கேட்டேன். என்னென்ன பதிவேடு வைத்திருக்கிறீர்கள், அடங்கலை யார் எழுதுவது, வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா? "கொடுத்தனுப்பக் கூடாது, நான்தான் கொண்டுபோவேன்" என்றார். வேலையில் ஒழுங்கானவர் என்று நீதிபதி நினைக்க வேண்டும் என்ற ஆசை அவர் குரலில் தெரிந்தது. ஜமாபந்திக்கு நேரில் போயே ஆக வேண்டுமா? ஆமாம். தணிக்கை முடியும் முன் தாசில்தார் அனுமதி இல்லாமல் கிளம்பலாமா? முடியாது. நீங்கள் இதுவரை அப்படிக் கிளம்பியதுண்டா? இல்லவே இல்லை. அதன் பிறகுதான் தேதியைச் சொல்லி நகலை நீட்டினேன்.

அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "காலையில வாக்குமூலம் வாங்கிட்டு மத்தியானம்தான் ஜமாபந்திக்குப் போனேன்" என்றார். முற்பகல் கையெழுத்து உங்களுடையதுதானே? ஆமாம். மத்தியானம் போனீர்கள் என்றால், இரண்டு மணிக்குக் கிணற்றடியில் எழுதிய மகஜரில் இருப்பது யார் கையெழுத்து? அதுவும் அவருடையதுதான். எந்த வழியில் போனாலும் இரண்டு காகிதங்களில் ஒன்று பொய்யாகிவிடும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கூண்டில் நின்ற கட்சிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. இடைவேளையில், "ஏன்யா பொய் சொல்லுதேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேக்கலியே?" என்றார். கேட்டிருந்தால், அவர் ஒரு விளக்கம் சொல்லியிருப்பார். கையெழுத்தைக் காலையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன் என்றோ, மேலதிகாரி வாய்மொழியாக அனுப்பினார் என்றோ. அதற்கு நானே வாசல் திறந்துவிடக் கூடாது. இதைக் கட்சிக்காரருக்கு விளங்க வைக்க என்னால் முடிந்தமட்டும் பேசினேன். இவ்வளவு நாள் உள்ளே கிடந்த மனிதருக்கு ஒரு வாய் வார்த்தையாவது வேண்டியிருந்தது. அது நியாயமான ஆசை.

அடுத்து வந்தவர் தலையாரி. மேலதிகாரி பட்ட பாட்டைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்க வேண்டும். "கையெழுத்து என்னதுதான். ஸ்டேஷன்ல வச்சுப் போட்டேன். அருவா டேபிள் மேல இருந்துச்சு" என்று முதல் விசாரணையிலேயே சொல்லிவிட்டார். அரசுத் தரப்பு அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவித்தது. என் அனுபவத்தில் பிறழ்சாட்சி என்ற முத்திரை விழுந்தவர்களில் சிலர்தான் அந்தக் கூண்டில் உண்மை பேசியவர்கள். அந்தத் தலையாரி அவர்களில் ஒருவர். சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்த மனிதர், வேலை போகலாம் என்று தெரிந்தே பேசினார்.

அரிவாள் மட்டும் மிச்சம் இருந்தது. ரசாயன ஆய்வில் மனித ரத்தம் என்று வந்தது. என்ன பிரிவு என்று முடிவு சொல்ல இயலவில்லை என்று சீராலஜி அறிக்கை சொன்னது. சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி பொருள் கண்டுபிடிக்கப்பட்டதே போதும் என்றார் அரசு வழக்கறிஞர். இதற்கு நம் பழைய சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில் 1946இலேயே எல்லை வகுத்துவிட்டது. புலுகுரி கோட்டையா வழக்கு. "ஈட்டியை ஒளித்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்" என்பது வரைதான் சாட்சியம். "அதைக் கொண்டு குத்தினேன்" என்பதைச் சேர்க்கக் கூடாது. எங்கள் வழக்கிலோ, ஒளித்து வைத்த இடமே ஸ்டேஷன் மேஜையாக இருந்தது.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313இன் கீழ் நீதிபதி ஒவ்வொரு சாட்சியத்தையும் படித்துக் கேட்டபோது கட்சிக்காரர் ஒவ்வொன்றுக்கும் "பொய்" என்று மட்டும் சொன்னார். 233ஆவது பிரிவின் கீழ் சம்மன் போட்டு, தாலுகா அலுவலக உதவியாளர் ஒருவரை அசல் பதிவேட்டோடு எங்கள் தரப்புச் சாட்சியாக வரவழைத்தோம். அவர் கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் எங்கள் தரப்பு. சந்தர்ப்ப சாட்சியத்தில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிரூபிக்கப்பட்டு, எதிரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற முடிவுக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாதத்தில் படித்தேன். தீர்ப்பு விடுதலை.

இப்போது சட்டங்களின் பெயர் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதிநியம். 25, 26, 27 மூன்றும் அதில் 23ஆவது பிரிவுக்குள் அடங்கிவிட்டன. எண்கள்தான் புதிது. போலீசிடம் சொன்னது செல்லாது என்பதும் அப்படியே இருக்கிறது, காவலுக்கு வெளியே வேறு ஆளிடம் சொன்னால் செல்லும் என்பதும் அப்படியே இருக்கிறது.

இந்த வழக்கில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பொய்யாக ஒரு வாக்குமூலத்தை எழுதியவர்கள் என் கட்சிக்காரருக்கு மட்டும் துரோகம் செய்யவில்லை. செவ்வாய் இரவு அவரைத் தூக்கி வந்ததோடு புலன்விசாரணை நின்றுபோனது. இறந்தவர் ஞாயிற்றுக்கிழமை எந்தச் சந்தையில் ஆடு விற்றார், கையில் எவ்வளவு பணம் இருந்தது, யாரோடு திரும்பினார் என்று கட்டில் ஒரு வரி இல்லை. ஆட்டு வியாபாரி சந்தை நாளில் செத்துக் கிடக்கிறார், பணம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நாட்களில் அவர்கள் காகிதம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு நாளன்று வராந்தாவில் அந்த அம்மா என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அப்போ எங்க வீட்டுக்காரர வெட்டுனது யாருய்யா?" என்று கேட்டார். எதிரி தரப்பு வக்கீலான நான் அவருக்காக ஆஜராக முடியாது. ஆனாலும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) பிரிவில் மேற்கொண்டு விசாரிக்கப் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது, ஒருவர் விடுதலையானதால் மற்றவர்களைத் தேடத் தடை இல்லை என்று சொல்லி, வேறொரு வக்கீலிடம் அனுப்பிவைத்தேன். அவர் மூலம் மேலதிகாரிகளுக்கு மனு போனது. வழக்கு நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மறுபடியும் மனு கொடுத்தார். அந்தக் குற்ற எண்ணில் அதற்குப் பிறகு ஒரு சாட்சிகூட விசாரிக்கப்படவில்லை.