அச்சமும் அரைப்பேரும்

பள்ளி மைதானத்தில் மாணவரோடு கரப்பந்தாடிக்கொண்டிருந்தபோது, துள்ளி இறங்கிய என் வலது முழங்கால் திருகிக்கொண்டது. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் இணையம் ஒன்று அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்து கெலிஓயாவுக்குத் திரும்பும் வேளையில் வைத்தியர் சொன்னார்: "என் வேலை முடிந்தது, இனி உங்கள் வேலை."

அவ்வேலை மிக எளியது. சுருட்டிய துவாயை முழங்காலின் கீழ் வைத்து அழுத்த வேண்டும். காலை நீட்டி ஒரு சாண் உயர்த்திப் பிடிக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை. நன்னூற் சூத்திரங்களை மனனம் செய்து பட்டம் பெற்றவனுக்கு இது ஒரு பாரமா? ஆயினும் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டேன். கால் மடங்கும்போதெல்லாம், மைதானத்தில் அன்று எழுந்த 'டக்' என்னும் ஒலி மீண்டும் காதில் விழுந்தது. இயன்மருத்துவர் வினவியபோது, "செய்கிறேன்" என்று பொய் சொன்னேன். வீட்டுவேலை செய்யாத மாணவரை எழுப்பி நிறுத்தும் ஆசிரியன் நான்!

என்னுடைய சோம்பலென்றே இதனை எண்ணி வெட்கினேன். பின்னர் படித்தபோதுதான் உண்மை வேறு எனத் தெரிந்தது. நோவை ஆபத்தின் அறிகுறியென்று கொள்பவன் அசைவைத் தவிர்க்கிறான். தவிர்ப்பதால் தசை மெலிகிறது. மெலிந்த தசை மூட்டைத் தாங்காமையால் நோவும் அச்சமும் வளர்கின்றன. இச்சுழலை விளக்கி விளாயன், லின்டன் என்னும் இரு உளவியலாளர் 2000இல் எழுதினர். 'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கையே ஒருவனை முயற்சியில் நிலைக்கச் செய்கிறது என்பதை அல்பேர்ட் பண்டுரா 1977இலேயே வற்புறுத்தியிருந்தார். இவ்வகைச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 7,500க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களுள் முன்னைய தரத்தில் மீண்டும் விளையாடியோர் 65 சதவீதத்தினர் மட்டுமே. மூட்டு ஆறிய பின்னும் மனம் ஆறாமையே பலரைத் தடுத்தது.

இந்த அறிவோடு நான் நின்றிருந்தால், இக்கட்டுரைக்குத் தேவை இராது.

கிளினிக்கில் என்னருகே அமர்பவர், மலைத்தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய். ஈர மலைச்சரிவில் கொழுந்துச் சுமையோடு வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டு முறை வந்தார், பிறகு காணவில்லை. 'அறியாமை, அக்கறையின்மை' என்று என் மனம் தீர்ப்பெழுதியது. பொய் சொல்லிக்கொண்டிருந்த அதே மனந்தான்!

ஒரு ஞாயிறன்று கெலிஓயாக் கடைத்தெருவில் அவரைக் கண்டேன்.

"ஏன் அம்மா வருவதில்லை?"

"கிளினிக்குக்கு வந்தா அன்னிக்குப் பேர் இல்லைங்க சேர். கால் நோவுன்னு மெதுவா எடுத்தா கிலோ கொறையும், அரைப்பேர்தான் போடுவாங்க. மலையில எறங்குறப்ப முட்டி விட்டுருமோன்னு பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டு நிக்க ஏலுமா?"

பயிற்சித் தாளைப் பற்றிக் கேட்டேன். பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அது முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சிங்களம் வாசிக்கத் தெரியாது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கருமமொழியாக்கியது. அந்தச் சட்டம் அவருடைய பையை இன்னும் வந்தடையவில்லை.

எங்கள் இருவரின் அச்சமும் ஒன்றே. ஆனால் நான் சம்பளத்துடன் கூடிய விடுமுறையில் அஞ்சினேன். அவர் சுமையோடு அஞ்சினார். நாட்கூலி 1000 ரூபாயாவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் வென்ற மக்கள், ஒரு நாட்பேரை இழந்து காலைப் பேண வேண்டுமென்று சொல்வது எளிது. மனத்தின் உறுதியைப் பற்றிப் பேசுவோர், அம்மனம் எந்த லயத்தில், எத்தனை பேர் நடுவில், கால் நீட்ட இடமின்றிப் படுத்திருக்கிறதென்றும் கேட்க வேண்டாமா? நோயாளிக்கு அறிவுரை மட்டும் போதாது. சிகிச்சை நாளுக்கு முழுப்பேர் வேண்டும்; தோட்டத்தருகே இயன்மருத்துவர் வேண்டும்; 'இந்த நோவு கேடன்று' என்பதை அவர் மொழியில் அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

அன்றிரவு அத்தாளைச் சிங்களம் அறிந்த சக ஆசிரியர் ஒருவரின் துணையோடு தமிழில் எழுதி, படமும் வரைந்தேன். வரைந்த படம் சரியா என்று பார்க்கவே துவாயைச் சுருட்டி முழங்காலின் கீழ் வைத்து அழுத்தினேன். அன்று தொடங்கிய பயிற்சி இன்றுவரை தவறவில்லை.

அந்தத் தாய் அதன்பின் மூன்று முறை கிளினிக்குக்கு வந்தார். கொழுந்து மிகுந்த பருவம் பிறந்ததும் மீண்டும் நின்றுவிட்டார். அவரை இனி நான் அக்கறையற்றவர் என்று சொல்லமாட்டேன்.