மூலமும் ஓரக்குறிப்பும்

பழைய கிதாபுகளை ஓதியவர்கள் அறிவார்கள்: பக்கத்தின் நடுவே மத்னு எனும் மூலம் நிற்கும், அதைச் சூழ்ந்து ஷரஹு எனும் விரிவுரை ஓடும், விளிம்பிலே ஹாஷியா எனும் ஓரக்குறிப்பு அமையும். பின்வந்தோர் எத்துணைப் பெரிய ஆலிமாயினும் தம் சொல்லை மூலத்தினுள் நுழைத்துவிடுவதில்லை. இது அறிவுலகின் அமானிதம். இயந்திரங்களுக்கும் இவ்வமானிதம் உரியதே என்பதைப் பழங்கணிப்பொறி ஒன்றின் பிரதியைச் செய்தபோது உணர்ந்தோம்.

அதன் பெயர் ஆல்டேர் 8800. 'அந்நஸ்ருத் தாயிர்', அதாவது பறக்கும் கழுகு என்று அரபிகள் அழைத்த நட்சத்திரத்தின் பெயரே மேனாட்டார் நாவில் ஆல்டேர் ஆயிற்று. தமிழர் திருவோணம் என்பதும் அதனையே. நம்மை அப்பெட்டியின்பால் முதலில் ஈர்த்தது இப்பெயர்தான்.

அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் நிறுவனம், கால்குலேட்டர் விற்பனைப் போட்டியில் கடன்பட்டிருந்த வேளையில் இதனை உருவாக்கியது. 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழ் இதனை உலகுக்கு அறிவித்தது. 397 டாலருக்குப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்றது. திரையில்லை, தட்டச்சுப் பலகையுமில்லை. இன்டெல் 8080 செயலி, 256 பைட் நினைவகம், முகப்பில் 25 சுவிட்சுகள், 36 சிவப்பு விளக்குகள்; இவையே அதன் செல்வம்.

பொறியியல் பயிலும் நம் சகோதரி மகனுடன் அமர்ந்து பிரதியைப் பூட்டினோம். இதனுள்ளே 8080 இல்லை. அதன் நடத்தையை அப்படியே பாவனை செய்யும் ஆர்டுயினோ டியூ பலகை இருக்கிறது. விளக்குகளின் நீண்ட கால் எதுவெனப் பார்த்துப் பார்த்துப் பொருத்தி, ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தோம்.

இதற்குக் கட்டளை ஊட்டுவது, மக்தபுப் பிள்ளை எழுத்துக்கூட்டி ஓதுவதைப் போன்றது. சுவிட்சு மேலே நின்றால் ஒன்று, கீழே நின்றால் சுழியம். எட்டுச் சுவிட்சுகளை 00 111 010 என நிறுத்திப் பதியவேண்டும். இதை மும்மூன்றாகப் பிரித்து 072 என வாசிப்பர். 'நினைவகத்தின் இன்ன இடத்திலுள்ள எண்ணை எடு' என்னும் கட்டளை அது. எந்த இடம் என்பதை அடுத்த இரு பைட்டுகள் சொல்லும். இரண்டு எண்களைக் கூட்டி, விடையை ஓரிடத்தில் வைத்து, மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்புவதற்கு 14 பைட்டுகள் வேண்டும்.

"மாமா, கைப்பேசி நொடியில் சொல்வதற்கு இத்தனை பாடா?" என்றான் பையன்.

"கைப்பேசி விடையைத் தருகிறது, வாப்பா. விடை எப்படிப் பிறக்கிறதென்று இதுவன்றோ காட்டுகிறது!" என்றோம். ஒவ்வோர் அடியாக நிறுத்தி நடத்தும் சுவிட்சும் இதில் உண்டு. அதைத் தட்டத்தட்ட விளக்குகள் மாறுவதைக் கண்டபின் அவன் அப்பேச்சை எடுக்கவில்லை.

பின்னர் அவனுக்கு வேறோர் ஆசை பிறந்தது. முகப்பைத் தேய்த்துப் பழமை ஏற்றி, வரிசை எண் பொறித்த தகடும் பதித்துவிட்டால் 1975ஆம் ஆண்டுப் பெட்டியென்றே காண்போர் நம்புவர் என்றான். அந்த முதல் அட்டைப்படமே ஒரு பொய்ப்பெட்டிதானே என்று வாதமும் வைத்தான். அது மெய்தான். இதழுக்கு அனுப்பிய முதல் மாதிரி வழியில் தொலைந்துபோனதால், படத்தில் இடம்பெற்றது உள்ளீடற்ற வெற்றுக்கூடு. ஆயினும் அதன் பின்னால் ஒரு மெய்யான இயந்திரம் இருந்தது; விளம்பியபடி வாங்கியோர் கைக்கும் அது சேர்ந்தது. நம் தகட்டின் பின்னால் என்ன இருக்கும்? இன்று விளையாட்டாகப் பதிக்கும் தகடு, நமக்குப்பின் ஒருவர் கைக்குப் போகும்போது வணிக மோசடியாகும். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு வந்து சேரும். ஆகவே தகட்டுக்கு நாம் இசையவில்லை.

மாற்றமே கூடாதென்றும் சொல்லவில்லை. சுவிட்சுகளின் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையொன்றை முகப்பின்மேல் கழற்றத்தக்கதாய் மாட்டினோம். மின்சாரம் நின்றால் பழைய பெட்டி ஊட்டியதனைத்தையும் மறந்துவிடும்; நம் பிரதியோ ஊட்டியதைச் சேமித்து வைக்கும். இவையெல்லாம் நம் ஹாஷியா. மூடியின் உட்புறத்தில், 'இது பிரதி. உள்ளிருப்பது இன்ன பலகை. நாம் சேர்த்தவை இவை' என்று பையன் கையாலேயே எழுதச் செய்தோம்.

அட்டையைக் கழற்றினால் மூலம் அப்படியே நிற்கும். முன்னோர் ஆக்கியதைப் போற்றுவோரும் அதில் புதுமை சேர்ப்போரும் காக்கவேண்டிய எல்லை இதுதான். அதனைக் காக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக!